வைரத்தோடும் ஒரு குட்டித் தீவும்

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாராவது இருந்தால் அவனுடைய பூகோளப் படப் புத்தகத்தைச் சற்றுக் கடன் வாங்குங்கள். பசிபிக் மகா சமுத்திரம் உள்ள பக்கத்தைத் திருப்புங்கள். வலது கோடியில் தென் அமெரிக்கா. இடது கோடியில் நியூஜிலாந்து. நடுவே நீலம், நீலம், ஒரே நீலம்! அந்த நீலத்தில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி ஒரு புள்ளி தெரிகிறதா? அதுதான் பிட்கெய்ர்ன் தீவு.

தெரியவில்லை என்றால் படம் அச்சிட்டவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தீவின் பரப்பே 5 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு. நடுவே மலையும் பாறையும் இல்லாவிட்டால், காலையில் உலாவப் போகிறவர் பலகாரத்துக்குள் அதைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம். ஜனத்தொகை 50-க்குள். நம் வீட்டுக் கல்யாணங்களில் முதல் பந்தியிலேயே அதைவிட அதிகம் பேர் உட்காருகிறார்கள்! ஆனாலும் அது ஒரு தனி ஊர். அதற்கென்று மேயர் உண்டு, தபாலாபீஸ் உண்டு, தபால்தலை உண்டு. பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருக்கும் பிரதேசம். விமானம் இறங்க இடம் கிடையாது. மங்கரேவா என்ற பிரெஞ்சுத் தீவு வரையில் பறந்து வந்து, அங்கிருந்து ஒன்றரை நாள் கப்பலில் போக வேண்டும். அல்லது எங்களைப் போல் உல்லாசப் பிரயாணக் கப்பலில் போக வேண்டும்.

"பத்திரிகை ஆபீசில் உத்தியோகம் பார்ப்பவனுக்குப் பசிபிக்கில் உல்லாசப் பிரயாணமா?" என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. அதற்குக் காரணம் ஒரு ஜோடி வைரத்தோடு.

தோடா, தீவா?

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைந்தது. அந்தப் பத்து வருஷமும் என் மனைவி வைரத்தோட்டுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து வந்தாள். தோடு வாங்கக் கடைக்குப் புறப்பட வேண்டிய தினத்தில் திடீரென்று, "தோடு வேண்டாம். பிட்கெய்ர்ன் தீவுக்குப் போகலாம்" என்றாள்.

நான் திடுக்கிட்டேன். கல்லூரியில் படித்தபோது பவுண்டி என்ற கப்பலின் கதையை அவள் படித்தாளாம். அன்றைக்கு மனத்தில் விழுந்த ஆசையாம்.

"தோட்டுக்கு என்ன அவசரம்? கடையில் எப்போதும் இருக்கும். அந்தத் தீவில் ஜனங்கள் எத்தனை நாள் இருப்பார்களோ, யார் கண்டது?" என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆசிரியரிடம் விடுமுறை கேட்டேன். "ஒரு கட்டுரை கொண்டுவந்தால் விடுமுறை" என்றார். ஆகவே, நேயர்களே, இந்தக் கட்டுரைக்கு நீங்கள் அவளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மூன்று நாள் தண்ணீர்

டாஹிட்டித் தீவில் கப்பலேறினோம். அங்கிருந்து பிட்கெய்ர்ன் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். மூன்று நாள் கரையே கண்ணில் படவில்லை. முதல் நாள் கடலைப் பார்த்து, "ஆஹா!" என்றோம். இரண்டாம் நாள், "அப்பா!" என்றோம். மூன்றாம் நாள் கப்பலில் ஒரு பெரியவர் தீவின் கதையைப் பிரசங்கம் செய்தார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

டாஹிட்டியிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை ஏற்றிச் சென்று மேற்கிந்தியத் தீவுகளில் நடவேண்டும் என்று 1787-ல் இங்கிலாந்திலிருந்து பவுண்டி கப்பல் புறப்பட்டது. அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களுக்கு மலிவாக வயிற்றை நிரப்புவதற்கு இந்த ஏற்பாடு. மாலுமிகள் டாஹிட்டியில் ஐந்து மாதம் சுகமாகத் தங்கிவிட்டுக் கிளம்பினார்கள். 1789 ஏப்ரல் 28-ந் தேதி விடியற்காலையில் பிளெட்சர் கிறிஸ்டியன் என்ற இளைஞனின் தலைமையில் கலகம் மூண்டது. கேப்டன் பிளையையும் அவரோடு 18 பேரையும் ஒரு சிறு படகில் இறக்கிவிட்டார்கள். பிளை லேசுப்பட்டவர் அல்ல. அந்தத் திறந்த படகிலேயே 6,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து தைமூர் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்!

அகப்பட்டால் தூக்குக் கயிறு நிச்சயம் என்பது கலகக்காரர்களுக்குத் தெரியும். ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். பிட்கெய்ர்ன் தீவை 1767-ல் ஓர் ஆங்கிலக் கப்பல் கண்டிருந்தது. ஆனால் கடற்படத்தில் அதைச் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளித் தப்பாகக் குறித்துவிட்டார்கள். ஒளிந்துகொள்கிறவனுக்கு இதைவிட நல்ல விலாசம் ஏது? 1790 ஜனவரியில் கிறிஸ்டியனும் எட்டு மாலுமிகளும் அங்கே இறங்கினார்கள். கூடவே பாலினேசிய ஆண்கள் ஆறு பேர், பெண்கள் பன்னிரண்டு பேர், ஒரு கைக்குழந்தை. இனி யாரும் திரும்ப முடியாதபடி ஜனவரி 23-ந் தேதி கப்பலைக் கொளுத்திவிட்டார்கள்.

பெரியவர் உருக்கமாகப் பேசினார். கிறிஸ்டியனின் வம்சம், பிளையின் கோபம், கப்பலின் நங்கூரம், பாய்மரம் எல்லாம் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். என் மனைவி மட்டும் தட்டவில்லை.

"பன்னிரண்டு பெண்கள் என்றாரே, ஒருத்தியின் பெயராவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"நாளைக்குத் தீவிலேயே விசாரித்துக்கொள்" என்றேன்.

இறங்க முடியாது!

மறுநாள் விடிவதற்கு முன்பே மேல்தளத்தில் போய் நின்றோம். இருட்டு கரையக் கரைய, கடலிலிருந்து ஒரு கறுப்புச் சுவர் எழுந்து நின்றது. வெளிச்சம் வந்ததும் அது பச்சையாயிற்று. மணல் கரை, தென்னஞ்சோலை என்று நீங்கள் படத்தில் பார்க்கும் பசிபிக் தீவு இல்லை இது. கடலிலிருந்து செங்குத்தாக நிற்கும் பாறை. அதன் அடியில் அலை மோதி வெள்ளை வெளேரென்று சிதறிக்கொண்டிருந்தது. உச்சியில் மரங்களுக்கு நடுவே சில கூரைகள். அதுதான் ஆடம்ஸ்டவுன், தலைநகரம்! அதற்குக் கீழே பவுண்டி வளைகுடா. வளைகுடா என்று பெயரே தவிர, ஒரு சிறு இடுக்குத்தான். அங்கிருந்து மேலே ஏறும் செங்குத்தான பாதைக்குக் 'கஷ்டக் குன்று' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் மனைவி பருத்திப் புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழுக்காத செருப்பும் போட்டுக்கொண்டு, கஷ்டக் குன்றில் ஏறத் தயாராக நின்றாள். ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் வந்தது. அலை அதிகமாக இருக்கிறதாம். பிரயாணிகளைப் படகில் இறக்குவது ஆபத்தாம். மன்னிக்க வேண்டுமாம்.

பத்து நிமிஷம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நேயர்களுக்கு அந்தப் பத்து நிமிஷத்தின் கனம் தெரியும். வைரத்தோடு கடலில் விழுந்து மூழ்குவது போல் எனக்கே தோன்றியது.

அப்போது யாரோ, "அதோ!" என்று கத்தினார்கள்.

ஏணியில் ஏறி வந்த ஊர்

பாறை இடுக்கிலிருந்து ஒரு நீண்ட படகு புறப்பட்டது. ஓர் அலை அதைத் தூக்கியது. அடுத்த அலை விழுங்கியது. மறுபடியும் தலை நீட்டியது. எங்களை இறக்க முடியாத கடலில் அந்த ஜனங்கள் நம் ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியில் சந்தைக்கு வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தார்கள். கப்பலின் பக்கத்தில் தொங்கவிட்ட கயிற்றேணியில் ஒவ்வொருவராக ஏறினார்கள். நரைத்த தலைப் பெண்கள்கூட, அலை படகை உயர்த்துகிற கணம் பார்த்து ஏணியைப் பிடித்துத் தாவினார்கள். மூட்டைகள் கயிற்றில் கட்டி மேலே வந்தன.

அரை மணியில் மேல்தளம் கடைத்தெருவாகிவிட்டது. மரத்தில் செதுக்கிய சுறா, ஆமை, பவுண்டி கப்பலின் சிறு உருவம், தாழை ஓலையில் முடைந்த கூடைகள், தேன் குப்பிகள். இந்தத் தீவுத் தேனீக்களுக்கு நோய் கிடையாது என்பதால் அந்தத் தேனுக்கு வெளிநாடுகளில் கிராக்கி. ஒரு மேஜையில் தபால்தலை வியாபாரம். 1940-லிருந்து இவர்கள் தங்களுக்கென்று தபால்தலை வெளியிடுகிறார்கள். உலகெங்கும் தபால்தலை சேகரிப்பவர்கள் வாங்குவதால் ஊருக்கு அதில் நல்ல வருமானம் இருந்த காலம் உண்டு. இன்னொரு மேஜையில் கட்டணம் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். கால் வைக்காத ஊரின் முத்திரை என் பாஸ்போர்ட்டில் இன்றைக்கும் இருக்கிறது!

அவர்கள் நம்மிடம் பேசுவது ஆங்கிலம். தங்களுக்குள் பேசுவது வேறு. மாலுமிகளின் பழைய இங்கிலீஷும் டாஹிட்டிப் பேச்சும் கலந்து பிசைந்த பாஷை. "பௌட் யீ க்வென்?" என்றால், "எங்கே போகிறாய்?" என்று அர்த்தம். தெருவில் எதிர்ப்பட்டவரை நாமும் அப்படித்தானே கேட்கிறோம்?

பூவரசு

என் மனைவி ஓர் ஆமையைக் கையில் எடுத்தாள். சிவப்பும் பழுப்புமாக ரேகை ஓடிய மரம். திருப்பிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இது பூவரசு அல்லவா?" என்றாள், தமிழிலேயே.

விற்க வந்த அம்மாளுக்குப் புரியவில்லை. "மீரோ" என்றாள். மரத்தின் பெயர். வட்டமான நுனி கூரிய இலையா, மஞ்சள் பூ வாடும்போது சிவக்குமா என்று என் மனைவி கையால் வரைந்து காட்டிக் கேட்டாள். அந்த அம்மாள், "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினாள். பூவரசேதான்! அதன் விதை கடலில் மிதந்து போய்க் கரை தட்டிய இடத்தில் முளைக்கும். திருவாரூர்ப் பக்கத்தில் என் மாமனார் வீட்டு வாய்க்கால் கரையில் நிற்கும் மரம், உலகத்தின் மறுகோடியிலும் நிற்கிறது.

பிட்கெய்ர்னில் அந்த மரம் குறைந்துவிட்டதாம். 190 கிலோமீட்டருக்கு அப்பால் ஆளில்லாத ஹெண்டர்சன் தீவுக்குப் படகில் போய் வெட்டி வருகிறார்களாம். இலையைச் சுருட்டி நுனியை நசுக்கி ஊதினால் பீப்பீ என்று சத்தம் வரும் என்று என் மனைவி ஒரு காகிதத்தைச் சுருட்டிச் செய்து காட்டினாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு விலை பேசவில்லை, கதை பேசினார்கள்.

"அந்தப் பன்னிரண்டு பெண்கள்..." என்று என் மனைவி ஆரம்பித்தாள்.

"நாங்கள் எல்லோரும் அவர்கள் பெற்ற குலம்தானே?" என்றாள் அந்த அம்மாள்.

பெயர் சொல்லாத பன்னிரண்டு பேர்

அவள் சொன்னதையும், ஊர் திரும்பியபின் நான் புத்தகங்களில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தப் பெண்கள் எல்லோரும் ஆசைப்பட்டுக் கப்பலேறியவர்கள் அல்ல. டாஹிட்டியில் விருந்தாடக் கப்பலுக்கு வந்தவர்கள் இருக்கும்போதே கிறிஸ்டியன் நங்கூரக் கயிற்றை அறுத்துப் பாய் விரித்துவிட்டான். ஒருத்தி கடலில் குதித்துக் கரைக்கு நீந்தினாள். வயது சென்ற ஆறு பேரைப் பக்கத்துத் தீவில் இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் சிறைப் பறவைகளாக வந்து சேர்ந்தார்கள். மாலுமிகள் அவர்கள் பெயரையும் மாற்றினார்கள். கிறிஸ்டியனின் மனைவி மவுவாத்துவா 'இஸபெல்லா' ஆனாள்.

தீவின் நிலத்தை ஒன்பது வெள்ளைக்காரர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாலினேசிய ஆண்களுக்குக் காணி நிலமும் இல்லை, வேலையாட்களாக நடத்தப்பட்டார்கள். ஒரு மாலுமியின் மனைவி பறவை முட்டை எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்தாள். அவன் இன்னொருவனின் மனைவியைத் தனக்கு என்று இழுத்துக்கொண்டான். அங்கே மூண்டது பகை. 1793-ல் கிறிஸ்டியன் உள்பட ஐந்து மாலுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களும் பிறகு மிஞ்சவில்லை. எஞ்சியவர்களில் ஒருவன் கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சினான். கடைசியில் பாறையிலிருந்து விழுந்து மாண்டான். வேறு விளக்கம் வேண்டுமா?

பெண்கள் என்ன செய்தார்கள்? 1794-ல் ஒரு படகைக் கட்டித் தப்பித்துப் போகப் பார்த்தார்கள். படகு கவிழ்ந்துவிட்டது. அப்புறம் அவர்கள் தீவோடு வாழ்ந்தார்கள். பயிரிட்டார்கள். மீன் பிடித்தார்கள். சீமைப்பலாவையும் கிழங்கையும் சுட்ட கல்லின் மேல் வைத்து மண்ணால் மூடிச் சமைத்தார்கள். மரப் பட்டையை ஊறவைத்துக் கட்டையால் அடித்து அடித்துத் துணியாக்கினார்கள். ராமாயணத்தில் சீதா தேவிக்குக் கொடுத்த மரவுரி இருக்கிறதே, அதே சங்கதி. அந்த மரவுரிகளில் சில இன்று லண்டன் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன.

1808-ல் ஓர் அமெரிக்கக் கப்பல் தற்செயலாக அங்கே வந்தது. சுமார் 35 பேர் கொண்ட ஒரு சமூகத்தைக் கண்டது. முதலில் வந்த பதினைந்து ஆண்களில் உயிரோடு இருந்தவர் ஜான் ஆடம்ஸ் ஒருவர்தான். மற்றவர்கள் அந்தப் பெண்களும் அவர்கள் வளர்த்த பிள்ளைகளும். ஊருக்கு ஆடம்ஸின் பெயரை வைத்தார்கள். கலகக்காரர்களில் சமாதி இருப்பதும் அவருக்கு மட்டுமே. ஆனால் அந்தப் பதினெட்டு வருஷமும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாலுமிகள் 'ஜென்னி' என்று அழைத்த ஒருத்தி 1817-ல் வேறு கப்பலில் ஏறி டாஹிட்டிக்குத் திரும்பிவிட்டாள். அவள் சொன்ன கதை 1819-ல் சிட்னிப் பத்திரிகையில் வெளிவந்தது. நமக்கு இன்று தெரிந்த பல விஷயங்கள் அவள் வாய்மொழிதான். எல்லோரிலும் கடைசியாக, 1850-ல் கண்ணை மூடியவளும் ஒரு பெண்தான், பெயர் தெராவுரா.

1838-ல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் தலைவர் இந்த ஊருக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தார். தலைவரைத் தேர்ந்தெடுக்க, 18 வயதான ஆண், பெண் இருவருக்கும் ஓட்டு! இங்கிலாந்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1918-ல். அதுவும் 30 வயதானவர்களில் சிலருக்குத்தான். மேயர் தேர்தலில் ஒரு பெண்மணி இங்கே வென்றது 2019-ல். ஓட்டுப் பெட்டிக்கும் நாற்காலிக்கும் இடையே எவ்வளவு தூரம் பார்த்தீர்களா?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சிறுமிகளாக இருந்தபோது தங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பற்றித் தீவுப் பெண்கள் சிலர் வாய் திறந்தார்கள். 2004-ல் நியூஜிலாந்திலிருந்து நீதிபதிகள் வந்து விசாரித்து, ஆறு ஆண்களைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தார்கள். அன்றைய மேயரும் அவர்களில் ஒருவர். எல்லோரும் எல்லோருக்கும் உறவான ஒரு சிற்றூரில் அந்தப் பெண்கள் பேசியதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இதைப் பற்றி நாங்கள் அந்த அம்மாளிடம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா அது?

"ஐயையோ!" என்று ஓர் இடம்

பிற்பகலில் கப்பல் தீவை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த அம்மாள் எங்கள் பக்கத்தில் நின்று இடங்களைக் காட்டினாள். அந்தப் பெயர்களைக் கேளுங்கள்: 'டான் விழுந்த இடம்', 'ஜானி விழுந்தது', 'நெல்லி விழுந்தது', 'ஐயையோ'. நான் தமிழாக்கினேனே தவிர, ஒன்றும் கற்பனையல்ல. யார் எங்கே தவறி விழுந்தாரோ அவர் பெயரே அந்தப் பாறைக்கு. முதலில் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

1937-ல் இங்கே 233 பேர் இருந்தார்கள். இப்போது பிள்ளைகள் மேல் படிப்புக்கு நியூஜிலாந்து போகிறார்கள், பெரும்பாலோர் திரும்புவதில்லை. ஏற்கெனவே ஒரு தடவை, 1856-ல், இடம் போதவில்லை என்று ஊரையே காலி செய்துகொண்டு 190-க்கு மேற்பட்டவர்கள் நார்போக் தீவுக்குக் குடிபோனார்கள். மூன்றே வருஷத்தில் 16 பேர் மனம் கேளாமல் திரும்பி வந்தார்கள். "அந்தப் பதினாறு பேரிலிருந்து மறுபடி வளர்ந்தோம்" என்றாள் அந்த அம்மாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

புறப்பாடு

சாயங்காலம் கப்பல் சமையற்கட்டிலிருந்து மாவு, பழம், காய்கறி எல்லாம் படகில் இறங்கின. பிறகு ஜனங்கள் இறங்கினார்கள். என் மனைவி ஆமையை வாங்கிக்கொண்டாள். பதிலுக்குத் தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களில் நான்கைக் கழற்றி அந்த அம்மாளின் கையில் போட்டாள். ஏணியில் இறங்கும்போது அவை கலகலத்தன.

படகு உடனே விலகிவிடவில்லை. கப்பலை ஒட்டி நின்றுகொண்டு அவர்கள் விடை கூறும் பாட்டுப் பாடினார்கள். கப்பல்களை வழியனுப்பும்போது பாடுவது அவர்கள் வழக்கமாம். அலை சத்தத்துக்கு மேலே ஆணும் பெண்ணுமாக அந்தக் குரல்கள் வந்தன. பிறகு படகு திரும்பியது. பாறை இடுக்கில் மறைகிற வரையில் என் மனைவி கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

தபால்தலை மேஜையில் அவள் ஒரு கார்டு வாங்கி என் தாயாருக்கு எழுதிப் போட்டிருந்தாள். அது வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. தாயார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தபால்தலையை முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு மருமகளின் வெறும் காதைப் பார்த்தாள்.

"வைரத்தோட்டுப் பணத்தை எல்லாம் கொட்டி அவ்வளவு தூரம் போனீர்கள். ஊருக்குள் காலே வைக்கவில்லையாமே?"

"நாங்கள் வைக்கவில்லை, அம்மா. ஊரே ஏணியில் ஏறி வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று" என்றாள் என் மனைவி.

தாயார் பதில் சொல்லவில்லை. அந்தக் கார்டை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் ராமாயணப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.